முதலில் பெட்டியா, ஸ்டூலா? மரவேலை பழக எதைச் செய்வது

உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் வாங்கியாயிற்று. இப்போது எதைச் செய்வது? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "சின்னதாக ஒரு பெட்டி செய்து கை பழகு, அப்புறம் மேசை நாற்காலிக்குப் போகலாம்" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இன்று யாராவது என்னிடம் கேட்டால் அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். சிறிதாக இருப்பதாலேயே பெட்டி சுலபமாகிவிடாது. மரச்சாமான் பெரிதாக இருப்பதாலேயே கடினமாகிவிடுவதும் இல்லை. இரண்டும் கற்றுத்தருவது வேறு வேறு வித்தைகள். எது எப்போது நமக்குத் தேவை என்று தெரிந்தால் மரமும் வீணாகாது, மனமும் சோராது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பொருள் எதுவும் செய்யாமல், மூட்டுகளை மட்டும் துண்டு மரத்தில் திரும்பத் திரும்ப வெட்டிப் பழகுவது. 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பற்றி இரண்டு பெரிய சிந்தனைகள் இருந்தன. மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் வகுத்த முறையில், மாணவர்கள் ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனிப் பயிற்சியாகச் செய்தார்கள். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்த முறை வைக்கப்பட்டு, அமெரிக்கத் தொழிற்கல்வியில் பெரிய தாக்கத்தை உண்டாக்கியது. இன்னொரு பக்கம் ஸ்லாய்ட் என்ற முறை. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்த இதை, சுவீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்குக் கற்பித்துப் பரப்பினார். சின்னப் பொருளில் தொடங்கிப் படிப்படியாகச் சிக்கலான பொருளுக்குப் போக வேண்டும், செய்வது எதுவாக இருந்தாலும் வீட்டில் பயன்பட வேண்டும் என்பது அவர்களுடைய வழி.

நான் ஸ்லாய்ட் பக்கம்தான். துண்டு மரத்தில் வெட்டிய மூட்டு எவ்வளவு நன்றாக வந்தாலும் கடைசியில் அது ஒரு மூலையில்தான் கிடக்கும். பொருளாக ஆகும்போதுதான் முந்தைய வெட்டின் பிழை அடுத்த வெட்டை எப்படிப் பாதிக்கிறது என்பது தெரிகிறது. ஆனாலும் ஒரு புது மூட்டைப் பொருளில் வெட்டுவதற்கு முன்னால் அதே மரத்தின் மிச்சத் துண்டில் இரண்டு முறை வெட்டிப் பார்த்துவிடுவேன். அந்த அளவுக்கு மாஸ்கோக்காரர்கள் சொன்னதும் சரிதான்.

பெட்டி கேட்பது

250 மில்லிமீட்டர் நீளம், 150 அகலம், 100 உயரம். பலகையின் கனம் 12 மில்லிமீட்டர். மூலைகளில் புறாவால் மூட்டு: ஒரு பலகையின் முனையில் புறாவின் வால் போல விரியும் பற்கள் (வால்), அவற்றின் நடுவே பொருந்தும்படி அடுத்த பலகையில் வெட்டிய பற்கள் (பின், ஆங்கிலத்தில் pin). இப்படி ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலைக்கு மூன்று வால் என்றால், வால் பலகையில் 6 ரம்ப வெட்டு, அதற்குள் பொருந்தும் பின் பலகையில் 6 ரம்ப வெட்டு. நான்கு மூலைக்கும் சேர்த்து 48. அடிப்பலகை, மூடி எல்லாம் இதில் சேரவில்லை. உள்ளங்கைகளில் ஏந்திப் பார்க்கும் ஒரு பொருளுக்குள் 48 முறை கோட்டை ஒட்டி அறுக்க வேண்டியிருக்கிறது.

பெட்டியின் பெரிய நன்மை இதுதான். வேறு எந்தச் சிறு வேலையும் ரம்பம் பிடிக்கும் கைக்கு இவ்வளவு பயிற்சி தராது. முதல் மூலையை வெட்டும்போது ரம்பம் கோட்டைத் தாண்டி ஓடும், இடைவெளி விழும். நான்காவது மூலைக்கு வரும்போது கை தானாக நேராகியிருக்கும். என் முதல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எந்த மூலையை முதலில் வெட்டினேன், எதைக் கடைசியில் வெட்டினேன் என்று இன்றும் சொல்ல முடியும்.

உளி கூர்மையாக இருக்கிறதா என்பதையும் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். வால்களுக்கு நடுவே இருக்கும் மரத்தை உளியால் எடுக்கும்போது நாரைக் குறுக்கே வெட்டுகிறோம். மென்மரத்தில் மழுங்கிய உளி வெட்டாது. நாரை நசுக்கிப் பிய்த்து எடுக்கும். வெட்டுவாய் பளபளவென்று வந்தால் உளி தயார், பஞ்சு மாதிரி உதிர்ந்தால் சாணைக்கல்லுக்குத் திரும்ப வேண்டும். உளியின் சரிவை 25 பாகையில் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகையில் முடிப்பது பரவலான வழக்கம். அந்த எண்ணை விட முக்கியம், கூர் போனதைக் கை உணர்வது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பெட்டிகள்தான்.

பெட்டி இரக்கம் காட்டாத இடமும் இதுவே. அரை மில்லிமீட்டர் இடைவெளி ஒரு மேசையின் சட்டத்துக்கு அடியில் யார் கண்ணிலும் படாது. பெட்டியைப் பார்ப்பவர்கள் கையில் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மூட்டும் கண் முன்னால் நிற்கும். முதல் முயற்சியிலேயே இதைச் செய்தவர்களில் பலர் "எனக்கு இது வராது" என்று உளியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. ஏனென்றால் அவர்கள் தோற்றது மரவேலையில் இல்லை. இந்தக் கலை கேட்கும் மிக நுணுக்கமான வேலைகளில் ஒன்றை முதல் நாளே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

புறாவால் சரிவுக்கு ஒரு குறிப்பு. மென்மரத்துக்கு 6-க்கு 1, கடின மரத்துக்கு 8-க்கு 1 என்பது பழைய கணக்கு. எதை எடுத்தாலும் மூட்டு நிற்கும். சரிவைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில், வாலை வைத்துப் பின்னைக் குறிக்கும் கத்திக்கோட்டில் கவனம் வையுங்கள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. கத்திக்கோட்டுக்கு அது அநேகமாக இல்லை. பெட்டி வேலையில் பாதி வெற்றி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

மூடிக்கு ஓர் அழகான வழி இருக்கிறது. பெட்டியை ஆறு பக்கமும் மூடியபடியே ஒட்டிவிட்டு, அப்புறம் மேல்பகுதியைச் சுற்றி அறுத்து மூடியாகப் பிரிப்பது. மூடியும் உடலும் ஒரே பலகையில் பிறந்தவை என்பதால் நாரோட்டம் விட்டுப்போகாமல் ஓடும், அளவும் கச்சிதமாகப் பொருந்தும். இதற்கு மூட்டைக் குறிக்கும்போதே, ரம்பம் தின்னப்போகும் மரத்துக்கும் அறுத்த ஓரங்களை இழைப்பதற்கும் சேர்த்து, அந்த இடத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். இப்படிப் பத்து படிக்கு அப்பால் நடக்கப்போவதை முதல் படியிலேயே யோசிக்கும் பழக்கம் பெட்டியில்தான் எனக்கு வந்தது.

பெட்டி சொல்லித்தராதது

மூன்று பெட்டிகள் நன்றாக வந்த தெம்பில் ஒரு சிறு மேசை செய்தேன். 450 மில்லிமீட்டர் சதுர மேற்பலகை. பெட்டியில் பழகிய கை ஆதலால் மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக வந்தன. மேற்பலகையைச் சட்டங்களின் மேல் பசை தடவி, திருகாணி போட்டு, அசையாதபடி பூட்டினேன். ஈரமான மாதங்கள் முழுக்க மேசை அழகாக நின்றது. காற்று உலர்ந்ததும் ஒரு நாள் மேற்பலகை நடுவில், நாரோட்டத்தின் வழியே, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிளந்திருந்தது. அந்தப் பிளவில் ஒரு நாணயத்தைச் செருக முடிந்தது.

காரணம் எளியது. மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திரும்பக் கொடுக்கும். அப்போது அது நாரின் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் குறையும். நாருக்குக் குறுக்கே கதை வேறு. அடிமரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம் பல சதவீதம் போகும். மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் அதில் ஏறத்தாழப் பாதி. காய்ந்த மரம்கூடப் பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டே இருக்கும். 450 மில்லிமீட்டர் அகலப் பலகையில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இருக்கும். என் மேசையின் குறுக்குச் சட்டத்தில் நார் அதன் நீளவாக்கில் ஓடியதால் அது அசையவில்லை, அதன் மேல் பலகை குறுக்குவாக்கில் சுருங்கப் பார்த்தது. பூட்டி வைத்தவன் நான். பலகை பிளந்துதான் விடுபட்டது.

150 மில்லிமீட்டர் அகலப் பெட்டியில் இந்த அசைவு ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், அடிப்பலகை பிளைவுட்டாக இருந்தால் அதுவும் இராது. பெட்டி செய்பவர் பல வருஷம் இதைக் கவனிக்காமலேயே இருக்கலாம். மரத்தின் குணம் இது என்று முகத்துக்கு நேரே சொல்வது மரச்சாமான்தான். இப்போது நான் மேற்பலகைக்குப் பசையே தொடுவதில்லை. சட்டத்தின் உட்புறம் ஒரு காடி (நீளமான பள்ளம்) எடுத்து, அதில் நாக்கு நுழைகிற சின்ன மரக்கொக்கிகளைப் பலகையின் அடியில் திருகி விடுகிறேன். பலகை மேலே தூக்காது, குறுக்கே நகரத் தடையும் இல்லை.

கோணமும் அப்படித்தான். ஒரு பாகை தப்பினால் 150 மில்லிமீட்டர் நீளத்தில் 2.6 மில்லிமீட்டர் விலகும். இழைத்தோ இழுத்துப் பிடித்தோ சமாளித்துவிடலாம். அதே ஒரு பாகை 700 மில்லிமீட்டர் உயர மேசைக்காலில் 12 மில்லிமீட்டராகிவிடும். மேசை ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது அறைக்குள் நுழையும்போதே தெரியும். அதனால் மரச்சாமானில் கண் மூட்டை விட்டு முழு உருவத்துக்குப் போகிறது. மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா? நான்கு கால்களும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா? பலகையில் முறுக்கு இருக்கிறதா? இந்தக் கேள்விகளைப் பெட்டி இவ்வளவு உரக்கக் கேட்பதில்லை.

மூட்டும் மாறுகிறது. மேசைக்கும் நாற்காலிக்கும் துளை–கழுந்துதான் முதுகெலும்பு. காலில் ஒரு செவ்வகத் துளை பொளிந்து, சட்டத்தின் முனையைச் செதுக்கி நாக்கு மாதிரி அதற்குள் நுழைப்பது. நான்கு கால் மேசைக்கு எட்டு. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற விகிதம் போதும். புறாவாலோடு ஒப்பிட்டால் இதைப் பழகுவது சுலபம் என்பேன். துளையின் உட்சுவர் கரடாக இருந்தாலும் வெளியே தெரியாது, கழுந்தின் தோள், அதாவது அதன் அடியில் காலோடு ஒட்டி நிற்கும் விளிம்பு, நேராக இருந்தால் மூட்டு சுத்தமாகத் தெரியும். பிழைகளைத் தோள் மறைத்துவிடுகிறது.

மரச்சாமானில் உண்மையான கஷ்டம் ஒட்டும் நேரத்தில் வருகிறது. சாதாரண வெள்ளைப் பசை 5 முதல் 10 நிமிடம்தான் பொறுக்கும். எட்டு மூட்டுக்குப் பசை தடவி, நான்கு கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு, மூலைவிட்டம் அளந்து, சரிசெய்வதற்குள் முதலில் தடவியது இறுகத் தொடங்கிவிடும். இரண்டிரண்டு காலாகப் பக்கச் சட்டங்களை முதல் நாள் ஒட்டிவிட்டு, மறுநாள் அந்த இரண்டையும் இணைத்தால் பதற்றம் பாதியாகக் குறையும். பசை இல்லாமல் ஒரு முறை முழுதாகப் பூட்டிப் பார்ப்பதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

மரம், இடம், கருவி

முன்பு சொன்ன பெட்டிக்கு, கன அளவில் ஏறத்தாழ 2 லிட்டர் மரம் போதும். 500 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சிறு பக்கமேசைக்கு 9 அல்லது 10 லிட்டர். ஒரு மேசை கெட்டால் ஐந்து பெட்டி மரம் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தில் செய்பவருக்கு, பெட்டி இரண்டு மூன்று வார இறுதிகளில் முடியும். மேசை எளிதாக ஒன்றிரண்டு மாதம் இழுக்கும். ஒரு தவறுக்கும் அதைத் திருத்திச் செய்யக் கிடைக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவே எவ்வளவு காலம் போகிறது என்பதுதான் பழகுபவருக்குப் பெரிய கணக்கு. அதில் பெட்டிக்கு ஈடில்லை.

இடமும் அப்படியே. ஜன்னலோரம் ஒரு கனமான மேசையும் அதில் ஒரு பிடிப்பானும் இருந்தால் பெட்டி செய்யலாம். மெல்லிய பல் ரம்பம் ஒன்று, இரண்டு உளி, சின்ன இழைப்புளி, மூலைமட்டம், ஓரத்துக்கு இணையாகக் கோடு போடும் மார்க்கிங் கேஜ், கொட்டாப்புளி, சாணைக்கல். மரச்சாமானுக்கு இதோடு நீள இழைப்புளியும் நீளக் கிளாம்புகளும் அசையாத பட்டறை மேசையும் சேரும். ஒட்டிய மேசை காய்கிற வரைக்கும் அதை வைக்க இடமும் வேண்டும். இது பலர் கடைசியில்தான் நினைத்துப்பார்ப்பது.

எந்த மரம் என்று கேட்டால், முதலில் நேர் நாரோட்டம் உள்ள, முடிச்சில்லாத, நடுத்தர மென்மையுள்ள எதுவும் சரி. தேக்கு அழகானது, ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் உளிமுனை சீக்கிரம் மழுங்கும். தீட்டும் பழக்கம் கைக்கு வருவதற்கு முன் அதோடு போராட வேண்டாம்.

அப்படியென்றால் எதில் தொடங்குவது

இரண்டிலும் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு ஐந்து பலகை ஸ்டூலில் தொடங்குங்கள். 230 மில்லிமீட்டர் அகலம், 20 கனத்தில், 1.3 மீட்டர் நீளப் பலகை ஒன்று போதும். 400 நீளத்தில் மேற்பலகை, 210 உயரத்தில் இரண்டு கால் பலகை, மிச்சத்தைக் கிழித்து 60 அகலத்தில் இரண்டு பக்கப் பட்டை. கால் பலகைகளின் மேல் மூலைகளில் பட்டை உட்காரும் அளவுக்கு நான்கு வெட்டு எடுத்து, பட்டையைப் பொருத்தி, மேலிருந்து ஆணியோ திருகாணியோ போட்டால் முடிந்தது. கால் பலகையின் நார் மேலும் கீழுமாக நிற்க வேண்டும். மேற்பலகையின் நார் ஸ்டூலின் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்படி வைத்தால் இரண்டும் ஒரே அகலத் திசையில் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். ஒன்றை ஒன்று பிளக்காது.

அந்த நான்கு வெட்டில் கத்திக்கோடு, ரம்பம், உளி மூன்றும் வந்துவிடுகின்றன. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் ஸ்டூல் நிற்கும். மேலே ஏறி நிற்கலாம். தான் செய்த ஒன்று தன் எடையைத் தாங்குகிறது என்பதைக் காலால் உணரும் அந்த நிமிடம், அடுத்த ஆறு மாதத்துக்கு உங்களைப் பட்டறைக்கு இழுத்துவரும். பெட்டியின் முதல் இடைவெளியைப் பார்த்து மனம் உடைந்தவர்களுக்கு நான் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு பெட்டி. ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று. முதலாவதை ஆணி அடித்த எளிய மூலையோடு செய்து, அடிப்பலகைக்குக் காடி எடுத்துப் பழகுங்கள். இரண்டாவதில் புறாவால். மூன்றாவதில் அதே புறாவால், அறுத்துப் பிரித்த மூடியோடு. பெட்டியின் உட்புறத்துக்கு எண்ணெய் பூசாதீர்கள்; மூடிய இடத்தில் அதன் வாடை மாதக்கணக்கில் போகாது. அரக்கு மெருகு நல்லது. வெளியே ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும்.

இடம் குறைவு, நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்பவர்கள் பெட்டியோடே ஒரு வருஷம் இருக்கலாம், நஷ்டமில்லை. வீட்டுக்கு உடனே ஒரு மேசை தேவை, அதனால்தான் உளியைத் தொட்டேன் என்பவர்கள் ஸ்டூலுக்குப் பிறகு நேராகத் துளை–கழுந்துக்குப் போகலாம், புறாவால் காத்திருக்கும். மற்ற எல்லோருக்கும் ஸ்டூல், மூன்று பெட்டி, அப்புறம் நான்கு கால் மேசை என்பதே நான் தரும் வரிசை.

மேசை நன்றாக நின்றால் அதற்கு ஓர் இழுப்பறை போடுங்கள். இரண்டு பாதையும் அங்கேதான் சேர்கின்றன. இழுப்பறை என்பது ஒரு பெட்டி. அதன் மூலைகளில் புறாவால். அது போய் உட்காரும் கூடு மேசைச் சட்டம். அது ஒரு பாகை திரும்பியிருந்தாலும் இழுப்பறை பாதியில் மாட்டும். பக்கப்பலகைகளின் நார் முன்னும் பின்னுமாக ஓடுவதால், இழுப்பறை உயரத்தில்தான் விரியும். உலர்ந்த மாதத்தில் பொருத்துகிறீர்கள் என்றால் மேலே ஒன்றரை மில்லிமீட்டராவது காற்றுக்கு இடம் விடுங்கள். ஈரமான மாதத்தில் பொருத்தினால், இழைப்புளியால் ஒவ்வொரு சுருளாக எடுத்து, ஒரு கையால் தள்ள மெதுவாக உள்ளே போகிற அளவில் நிறுத்திவிடுங்கள்.